விதிவிலக்குகளால் கட்டிய வீடு: சர்வதேச அரசியலில் தாராளவாதத்தின் நெருக்கடி

ஜெனீவாவில் லோசான் சாலையில், ஏரியைப் பார்த்தபடி இருக்கிறது உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம். நாடுகளுக்கிடையிலான வர்த்தகத் தகராறுகளைக் கவனிக்கும் மன்றம் அங்கே ஏறக்குறைய மாதந்தோறும் கூடும். நிகழ்ச்சிநிரலில் தவறாமல் ஒரு உருப்படி இருக்கும். மேல்முறையீட்டு ஆயத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஆரம்பிப்போம் என்று 130 நாடுகளின் சார்பில் ஒரு தூதர் வாசிப்பார். சில காலம் குவாத்தமாலா வாசித்தது, பிறகு கொலம்பியா. அமெரிக்கப் பிரதிநிதி, தம் நாட்டால் இதை ஏற்க இயலாது என்பார். எல்லோரும் சம்மதித்தால்தான் எதுவும் நகரும் என்பது அந்த அவையின் முறை. எனவே தலைவர் அடுத்த உருப்படிக்குப் போவார். 80 தடவைக்கு மேல் இப்படி நடந்துவிட்டது.

ஏழு பேர் இருக்கவேண்டிய ஆயம் அது. ஒரு வழக்கைக் கேட்க மூன்று பேராவது வேண்டும். 2019 டிசம்பர் 10-ல் இரண்டு பேரின் பதவிக்காலம் முடிந்து ஒருவர் மட்டும் மிஞ்சினார். 2020 நவம்பர் 30-ல் அவரும் போனார். இந்தியாவின் ஏ.வி. கணேசன் 2000 முதல் 2008 வரை உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன ஆயத்தில் இப்போது ஒருவர்கூட இல்லை. கட்டடம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, விதிப்புத்தகம் இருக்கிறது.

உக்ரைனையும் காஸாவையும் விட்டுவிட்டு இந்தச் சலிப்பூட்டும் கூட்டத்தில் ஏன் தொடங்குகிறேன் என்று கேட்கலாம். போரில் சத்தம் அதிகம். யார் எதை உடைத்தார்கள் என்பது அந்தச் சத்தத்தில் மறைந்துபோகும். இங்கே அப்படி எதுவும் மறையவில்லை. இந்த நீதிமுறையைக் கேட்டு வாங்கி 1995-ல் நிறுவியதில் முன்னே நின்ற நாடுதான் அதைப் பூட்டியது. அமைப்பைவிட்டு விலகாமல், உள்ளே இருந்துகொண்டே. ட்ரம்ப் ஒருவரின் வேலை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 2016-ல் ஒபாமா அரசு ஒரு தென்கொரிய உறுப்பினரின் மறுநியமனத்தைத் தடுத்து இதைத் தொடங்கிவைத்தது. ட்ரம்ப் முழுமையாக்கினார். பைடன் நான்கு ஆண்டுகள் ஆண்டும் பூட்டைத் திறக்கவில்லை.

சொல்லும் பொருளும்

தமிழில் இந்தச் சொல்லே கொஞ்சம் குழப்பமானது. அரசியல் கொள்கையைத் தாராளவாதம் என்கிறோம். 1991-க்குப் பிறகு வந்த பொருளாதாரக் கொள்கையைத் தாராளமயம் என்கிறோம். முன்னதைப் பற்றிப் பேசினால் பின்னதை நினைத்துக்கொண்டு சண்டைக்கு வருபவர்களே நம்மூரில் அதிகம். இலங்கைத் தமிழில் தாராண்மைவாதம் என்று ஒரு சொல் புழங்குகிறது. குழப்பத்தைத் தவிர்க்க அது எவ்வளவோ மேல். மூன்றிலும் 'தாராளம்' ஒட்டிக்கொண்டிருப்பதால் கொடுப்பவனின் பெரிய மனசு ஒன்று சொல்லுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த மனசு எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வியே.

சர்வதேச அரசியலில் தாராளவாதம் மூன்று நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. வணிகம் செய்யும் நாடுகளுக்குச் சண்டை கட்டுப்படியாகாது. பொது அமைப்புகளும் சட்டங்களும் வலுத்தவன் கையைக் கட்டும். மக்களாட்சி நாடுகள் ஒன்றோடொன்று போரிடுவதில்லை. 1795-ல் இம்மானுவேல் காண்ட் நிரந்தர அமைதி பற்றி எழுதிய சிறுநூலில் இம்மூன்றின் விதையும் இருக்கிறது. மூன்றாவதை 1983-ல் மைக்கேல் டாயில் மறுபடி தூசிதட்டி எடுத்தார். முதலாவதைப் பிரபலமாக்கியவர் நார்மன் ஏஞ்சல். போரில் வென்றவனுக்கும் லாபம் இல்லை என்று முதல் உலகப்போருக்குச் சில ஆண்டுகள் முன்பு எழுதினார். போர் வராது என்று சொன்னதாக அவரை இன்றுவரை கேலி செய்கிறார்கள். அவர் சொன்னது அதுவல்ல. வென்ற பிரிட்டன் கடனாளியாகி நின்றதைப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

நெருக்கடி என்றதும் எல்லோரும் 2016-ஐக் காட்டுகிறார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வாக்களித்ததும் ட்ரம்ப் முதல் தடவை வென்றதும் அந்த ஆண்டில்தான். பொன்னான காலம் ஒன்று இருந்தது, அது கெட்டுப்போயிற்று என்ற கதை அப்போதிருந்து ஓடுகிறது. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. இந்த வீடு கட்டப்பட்டபோதே விதியும் விதிவிலக்கும் சேர்த்தே கட்டப்பட்டன. விதி எல்லோருக்கும், விலக்கு கட்டியவர்களுக்கு.

பாரிஸ், 1919

முதல் செங்கல்லைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். 1918 ஜனவரி 8-ல் உட்ரோ வில்சன் தம் 14 அம்சங்களை அறிவித்தார். மறு ஆண்டு பாரிஸில், கிரியோன் ஹோட்டலில், நாடுகளின் சங்கத்துக்கான சாசனத்தை எழுதும் குழு கூடியது. ஜப்பானின் மக்கினோ நொபுவாக்கி ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவந்தார். சாசனத்தின் முகவுரையில் இனங்களுக்கிடையே சமத்துவம் என்ற கருத்தை ஒரு வரியாகச் சேர்க்கவேண்டும். வெள்ளையர்க்கு மட்டுமான குடியேற்றக் கொள்கை வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் பிரதமர் பில்லி ஹ்யூஸ் கொதித்தெழுந்தார். ஏப்ரல் 11-ல் வாக்கெடுப்பு நடந்தது. 17 பேரில் 11 பேர் ஆதரவு. தலைவர் நாற்காலியில் இருந்த வில்சன், இப்படிப்பட்ட விஷயத்துக்கு ஒருமித்த சம்மதம் வேண்டும் என்று சொல்லித் திருத்தத்தைத் தள்ளிவிட்டார். பெரும்பான்மை வென்ற வாக்கெடுப்பில் தோற்றது மக்களாட்சிக்காக உலகத்தைப் பாதுகாக்கக் கிளம்பிய குழு.

நாடுகளின் சங்கத்தில் கடைசியில் அமெரிக்காவே சேரவில்லை. செனட் சபை ஒப்பந்தத்தை ஏற்க மறுத்துவிட்டது. விதியை எழுதிக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் வெளியே நிற்கும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

இரண்டாம் உலகப்போரின்போதும் இதே கதை. 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம், எந்த மக்களும் தமக்கு வேண்டிய ஆட்சியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது. அடுத்த மாதமே சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விளக்கம் கொடுத்தார்: அது நாஜிகள் பிடித்த ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்துச் சொன்னது, இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் பொருந்தாது. 1944 ஜூலையில் பிரெட்டன்வுட்ஸில் 44 நாடுகள் கூடிச் சர்வதேச நாணய நிதியத்தையும் உலக வங்கியையும் உருவாக்கின. இந்தியக் குழுவில் கோவையின் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். போர்ச் செலவுக்காக பிரிட்டன் இந்தியாவுக்குத் தரவேண்டிய பாக்கி அப்போது பெருந்தொகையாகியிருந்தது. கடன்கொடுத்த நாடாக இந்தியா அங்கே போயிருந்தது! அந்தப் பாக்கியைத் தீர்க்கப் புதிய நிதியம் வழிசெய்யுமா என்று இந்தியக் குழு கேட்டது. அது நம் இருவருக்குள் பேசித்தீர்க்க வேண்டியது என்று பிரிட்டன் சொல்லிவிட்டது. கடன்வாங்கிய ஏழை நாட்டுக்கு ஒரு பேச்சு, கடன்வாங்கிய பேரரசுக்கு ஒரு பேச்சு. நிதியத்தில் இன்றும் முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு தேவை. அமெரிக்காவின் வாக்கு 16 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

1945-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார். ஐந்து பேருக்கு வீட்டோ என்பது அந்தச் சாசனத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இதை நேர்மை என்றே சொல்வேன். விதிவிலக்கை ஒளிக்காமல் விதியாகவே எழுதிவைத்தார்கள்.

ஒரு பனியனின் பயணம்

விதிவிலக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை மேடைப் பேச்சில் தேடுவதைவிடத் திருப்பூர் பனியனில் பார்க்கலாம்.

சுதந்திர வர்த்தகத்தின் மூலவிதி எளிமையானது. 1947-ல் 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் எனப்படும் வர்த்தக ஒப்பந்தத்தின் முதல் பிரிவே அதுதான். ஒரு நாட்டுச் சரக்குக்கு நீ என்ன வரி போடுகிறாயோ, அதே சரக்குக்கு மற்ற உறுப்பு நாடுகளுக்கும் அதே வரிதான் போடவேண்டும். ரேஷன் கடையில் எல்லாக் கார்டுக்கும் ஒரே விலை என்பதுபோல. ஆள்பார்த்து விலை சொல்லக்கூடாது.

ஏழை நாடுகள் ஏதாவது ஒன்றைச் செய்து பணக்கார நாட்டில் விற்க முடியுமானால் அது துணிதான். தறியும் தையல் மெஷினும் வாங்கப் பெரிய மூலதனம் வேண்டாம். 1961-ல் பருத்தித் துணிக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு என்று பணக்கார நாடுகள் விதிக்கு ஓட்டை போட்டன. தற்காலிகம் நீண்டகாலமாயிற்று, 1974-ல் பல இழை ஒப்பந்தம் என்று எல்லாத் துணிக்கும் பரவிற்று. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று அளவு போட்டார்கள். திருப்பூரில் பழைய ஆட்களைக் கேட்டால் 'கோட்டா' என்ற சொல்லை ஒரு தனி முகச்சுளிப்போடு சொல்வார்கள். கையில் ஆர்டர் இருந்தாலும் கோட்டா இல்லாவிட்டால் சரக்கு கப்பலேறாது. கோட்டாவையே விலைக்கு வாங்கி விற்றவர்கள் உண்டு. தாராள வர்த்தகத்தின் பொற்காலம் என்று பாடநூல்கள் சொல்லும் 40 ஆண்டுகளும் துணிக்கு இப்படித்தான் கழிந்தன. 2005 ஜனவரி 1-ல்தான் கோட்டா ஒழிந்தது.

அதே பனியன் இலங்கையில் வேறொரு பாடம் கற்றது. மனித உரிமை ஒப்பந்தங்களை மதித்தால் வரியில்லாமல் துணி அனுப்பலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் சலுகை கொடுத்திருந்தது. போர் முடிந்தபின், 2010 ஆகஸ்டில், அந்த ஒப்பந்தங்களை மதிக்கவில்லை என்று சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதம் திருப்பித் தந்தது. உரிமையையும் வணிகத்தையும் ஒன்றாகக் கட்டும் தாராளவாத உத்திக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஒப்பந்தங்களை மதிக்காதவர்கள் கொழும்பில் அமைச்சுகளில் இருந்தார்கள். சலுகை போனதன் சுமை இறங்கியது கட்டுநாயக்கா வலயத்தில் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையில்.

2025-க்கு வருவோம். ஏப்ரல் 2-ல் ட்ரம்ப் நாட்டுக்கொரு வரியாகப் பட்டியல் போட்டார். இலங்கைக்கு 44 சதவீதம் என்றார். பிறகு 20-க்கு இறங்கினார். வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் 20. இந்தியாவுக்கு 25, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இன்னொரு 25. ஆகஸ்ட் 27-ல் மொத்தம் 50 ஆயிற்று. ஒரே பனியன், ஒரே பருத்தி, நான்கு முகவரி. காட் ஒப்பந்தத்தின் முதல் பிரிவுக்கு இதைவிட நேரெதிரான ஒன்றை யோசித்து எழுதினாலும் வராது.

திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. வரி ஏறியதும் இறக்குமதியாளர் தள்ளுபடி கேட்பார். ஏற்றுமதியாளர் பாதியைத் தாங்கிக்கொண்டு மீதியை ஜாப் ஒர்க் எடுப்பவர்மேல் இறக்குவார். பத்து மெஷின் போட்டு பவர்டேபிள் நடத்துபவர் பீஸ் ரேட்டைக் குறைப்பார், அல்லது வாரத்தில் இரண்டு நாள் மெஷினை நிறுத்துவார். ஓவர்லாக் அடிக்கும் பெண்ணுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். ரஷ்ய எண்ணெய்க்கும் அவருக்கும் உள்ள ஒரே தொடர்பு அதுதான்.

இந்தியா வழக்குப் போடலாமே என்றால், போடலாம். ஜெனீவாவில் முதல்கட்டக் குழு தீர்ப்பும் தரலாம். எஃகு, அலுமினிய வரியில் அமெரிக்கா விதியை மீறியது என்று 2022 டிசம்பரில் சீனா, நார்வே, சுவிட்சர்லாந்து, துருக்கி ஆகியவற்றுக்குச் சாதகமாக அப்படித் தீர்ப்பு வந்தது. அமெரிக்கா மறுமாதமே மேல்முறையீடு செய்தது, ஆளில்லாத ஆயத்திடம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை தீர்ப்பு அமலாகாது. முடிந்தது வழக்கு.

உள்ளே வந்த விரிசல்

1989 கோடையில் பிரான்சிஸ் ஃபுக்குயாமா வரலாறு முடிந்ததா என்று ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பில் கேள்விக்குறி இருந்தது. படித்தவர்கள் பலர் அதைக் கவனிக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 16-ல் புடாபெஸ்டின் வீரர் சதுக்கத்தில், 1956 எழுச்சியின் தலைவர் இம்ரே நாஜின் மறு அடக்கத்தின்போது, தாடிவைத்த 26 வயது இளைஞன் ஒருவன் சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று துணிந்து பேசினான். பெயர் விக்டர் ஓர்பான். நிதியாளர் ஜார்ஜ் சோரோஸின் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனான். அவனுடைய கட்சி பிறகு தாராளவாதக் கட்சிகளின் சர்வதேசக் கூட்டமைப்பில் சேர்ந்தது. 2014 ஜூலையில் அதே ஓர்பான், ஹங்கேரியின் பிரதமராக, தாராளவாதம் அல்லாத அரசொன்றைக் கட்டப்போவதாக வெளிப்படையாக அறிவித்தார். அதற்குள் தேர்தல் சட்டம், நீதிமன்றம், ஊடகம் ஒவ்வொன்றாகக் கைக்குள் வந்திருந்தன. சோரோஸ் எதிரியாகியிருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இந்த மனிதரை ஒரு துரோகி என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் 26 வயதில் அவரைக் கைதட்டியவர்களில் பலர் 50 வயதிலும் அவருக்கு வாக்களித்தார்கள். இடையில் என்ன நடந்தது என்பதற்குப் பாதி விடை பொருளாதாரத்தில் இருக்கிறது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. வணிகம் வந்தால் மக்களாட்சியும் பின்னால் வரும் என்று கிளின்டன் அரசு வாதாடியது. வணிகம் வந்தது. டேவிட் ஆட்டர் முதலிய பொருளியலாளர்களின் கணக்குப்படி 1999-க்கும் 2011-க்கும் இடையில் சீன இறக்குமதியால் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. அவையும் குறிப்பிட்ட சில ஊர்களில் குவிந்து. மலிவுச் சட்டையின் லாபம் நாடெங்கும் பரவியது, மூடிய ஆலையின் நட்டம் ஒரு தெருவிலேயே தங்கிற்று. 2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது வங்கிகளைக் காப்பாற்றப் பணம் இருந்தது. அந்தத் தெருவைக் காப்பாற்ற இல்லை.

மீதிப் பாதி பொருளாதாரம் அல்ல. குடியேற்றம், மதம், சாதி, மொழி எல்லாம் அதில் உண்டு. வேலை போகாத ஊர்களிலும் ஓர்பான்கள் வென்றிருக்கிறார்கள். ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பின் ஆண்டறிக்கைகள் 2006 முதல் உலகில் சுதந்திரம் தொடர்ந்து சுருங்கிவருவதாகச் சொல்கின்றன. லேமன் விழுவதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது.

கிளிநொச்சி வாசலில்

தாராளவாதம் துப்பாக்கியோடு வந்த அத்தியாயம் ஒன்று உண்டு. 1994-ல் ருவாண்டாவில் கைகட்டி நின்ற குற்ற உணர்ச்சியில் பிறந்தது அது. 1999-ல் நேட்டோ, பாதுகாப்பு மன்றத்தைக் கேட்காமலே, கொசோவோவுக்காக 78 நாட்கள் குண்டு வீசியது. சட்டப்படி தவறு, நியாயப்படி சரி என்று ஒரு விசாரணைக் குழு சொன்னது. 2003-ல் ஈராக்கில் அந்த நியாயமும் இல்லை. சாசனத்தின்படி அது சட்டவிரோதம் என்று அப்போதைய பொதுச் செயலர் கோஃபி அன்னானே ஒத்துக்கொண்டார். 2005-ல் உலகத் தலைவர்கள் கூடி, தன் மக்களை ஒரு அரசு காக்கத் தவறினால் உலகச் சமூகம் அந்தப் பொறுப்பை ஏற்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். 2011-ல் லிபியாவில் மக்களைக் காக்க என்று பெற்ற அனுமதி, கடாஃபியைக் கவிழ்க்கப் பயன்பட்டது. வாக்களிக்காமல் ஒதுங்கிய ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தக் கசப்பைக் காரணம் காட்டி ரஷ்யாவும் சீனாவும் சிரியாத் தீர்மானங்களைத் தொடர்ந்து வீட்டோ செய்தன. 2008-ல் கொசோவோ பிரிந்ததை முன்னுதாரணமாகச் சொல்லித்தான் 2014-ல் புதின் கிரிமியாவை எடுத்துக்கொண்டார். விதிவிலக்கு தொற்றுநோய் மாதிரி, கண்டுபிடித்தவனோடு நிற்பதில்லை.

2005-ல் ஒப்புக்கொண்ட அந்தப் பொறுப்பு இலங்கையின் வன்னிக்கு வந்ததா? 2002 பெப்ரவரி போர்நிறுத்தம், நார்வேயின் தரகு, 2003 ஜூனில் டோக்கியோவில் 450 கோடி டாலர் உதவி வாக்குறுதி: சந்தையும் உதவியும் பேச்சுவார்த்தையும் சேர்ந்து அமைதி கொண்டுவரும் என்ற தாராளவாத அமைதியின் சோதனைக்கூடமாக இலங்கை இருந்தது. சோதனை தோற்றது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை, வெளியேறுங்கள் என்று அரசு சொன்னதும் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியைவிட்டுக் கிளம்பினார்கள். அலுவலக வாசலில் சனங்கள் கூடி, போகாதேங்கோ என்று கெஞ்சினார்கள். நீலக் கொடி இருக்கும் வரைதான் தங்களுக்கு உயிர் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வண்டிகள் போய்விட்டன. அடுத்த எட்டு மாதத்தில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று அதன் சொந்த உள்ளாய்வே 2012-ல் எழுதியது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் மேற்கைத் திட்டிவிட்டு எழுந்து போகலாம். 2009 மே 27-ல் ஜெனீவாவில் மனித உரிமை மன்றம் கூடியது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இலங்கை அரசுக்கு ஆதரவான தீர்மானம் 29 வாக்குகளில் வென்றது. 12 எதிர்ப்பு, 6 நடுநிலை. விசாரணை வேண்டும் என்று எதிர்த்து வாக்களித்தவை பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள். ஆதரித்தவை சீனா, ரஷ்யா, கியூபா, பாகிஸ்தான், கூடவே இந்தியா. பிறர் விவகாரத்தில் தலையிடாமை, இறையாண்மை என்ற சொற்கள் அன்று அவையில் முழங்கின. பாண்டுங்கில் 1955-ல் கூடிய 29 நாடுகள் பேரரசுகளுக்கு எதிராக எடுத்த கேடயம் அது. 2009-ல் அது யாரை மறைத்தது என்பதை மறந்துவிட்டுத் தாராளவாதத்தின் இரட்டை வேடம் பற்றிப் பேசுவது அரைக்கணக்கு.

இரண்டு விருந்தாளிகள்

2023 மார்ச் 17-ல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் புதினுக்குப் பிடியாணை பிறப்பித்தது. அமெரிக்கா அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை, ஆனாலும் பைடன் அது நியாயம்தான் என்றார். 2024 நவம்பர் 21-ல் அதே நீதிமன்றம் நெதன்யாகுவுக்குப் பிடியாணை தந்தது. அதே பைடன் அது அக்கிரமம் என்றார். அவருக்குப் பின் வந்தவர் 2025 பெப்ரவரியில் நீதிமன்றத்தின்மேலேயே தடை போட ஆணையிட்டார். உறுப்பு நாடுகளாவது கடமையைச் செய்தனவா? 2024 செப்டம்பரில் புதின் மங்கோலியா போனார், கம்பள வரவேற்பு. 2025 ஏப்ரலில் நெதன்யாகு ஹங்கேரி போனார். ஓர்பான் வரவேற்றதோடு நிற்காமல் நீதிமன்றத்தைவிட்டே விலகுவதாக அறிவித்தார்.

ரஷ்யாவின் உக்ரைன் படையெடுப்பைக் கண்டித்து 2022 மார்ச் 2-ல் ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் வாக்களித்தன. 35 நாடுகள் ஒதுங்கின. இந்தியாவும் இலங்கையும் அதில் அடக்கம். காஸாவைப் பார்த்தபிறகு, அன்று வாக்களித்தவர்களில் பலருக்கே அந்த வாக்கின் அர்த்தம் மாறிப்போனது.

நோய்க்குப் பெயர் வைப்பவர்கள்

ஆய்வாளர்கள் இந்த நெருக்கடியை எப்படிப் படிக்கிறார்கள்? ஜான் மியர்ஷைமர் இது வந்தே தீரவேண்டிய தோல்வி என்கிறார். தேசியமும் அதிகாரமும் தாராளவாதத்தைவிடப் பலம் வாய்ந்தவை. உலகையே தன்னைப்போல் மாற்றக் கிளம்பிய அமெரிக்கா அந்தச் சுவரில் முட்டிக்கொண்டது என்பது 2018-ல் வந்த அவர் நூலின் வாதம். ஈராக்கை முன்கூட்டியே எதிர்த்தவர் என்பதால் அவர் பேச்சுக்கு எடை உண்டு. ஆனால் அவருடைய உலகில் சின்ன நாடுகளுக்குக் குரலே கிடையாது. பெரிய கையில் எந்தக் காய் என்பது மட்டும்தான் கேள்வி. ஜான் ஐக்கன்பெரி எதிர்ப்பக்கம். இந்த ஒழுங்கில் சேர்வது சுலபம், கவிழ்ப்பது கடினம், சீனாவே இதற்குள் வளர்ந்ததுதானே என்பார். கவிழ்ப்பவர் உள்ளேயே, அதுவும் முதலாளி நாற்காலியில் இருப்பார் என்பது அவர் கணக்கில் சரியாக இடம்பெறவில்லை. அமிதாவ் ஆச்சார்யா அமெரிக்க உலக ஒழுங்கின் முடிவு வேறு, ஒழுங்கின் முடிவு வேறு என்று பிரிக்கிறார். பல திரைகள் கொண்ட சினிமா வளாகம் போன்ற உலகம் வருகிறது என்பது அவர் உவமை. டிக்கெட் விலையை யார் வைப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

எனக்கு உதவியாக இருப்பவர் ஸ்டீபன் கிராஸ்னர். 1999-ல் எழுதிய நூலில் அவர் இறையாண்மையை ஒழுங்கமைந்த போலித்தனம் என்றார். எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், தேவைப்பட்டால் எல்லோரும் மீறுவார்கள். இதை இன்னும் ஓரடி தள்ளிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். போலித்தனத்திலும் எளியவனுக்கு ஒரு பிடி கிடைக்கும். நீ எழுதிய விதியை நீயே மீறுகிறாய் என்று வலியவனைப் பார்த்துச் சொல்ல முடியும். அவன் வெட்கப்படுவான், சில சமயம் சலுகை தருவான். 2020 அக்டோபரில் கோவிட் தடுப்பூசிக் காப்புரிமையைத் தளர்த்த இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கேட்டபோது அந்தப் பிடியைத்தான் பிடித்தார்கள். 2022 ஜூனில், மிகத் தாமதமாக, மிகக் குறைவாக, ஏதோ கிடைத்தது. இன்றைய நெருக்கடியில் புதியது விதிமீறல் இல்லை. வெட்கம் போனதுதான் புதியது. இந்தியா 2025-ன் 50 சதவீத வரியைச் சட்டவிரோதம் என்று காட்டியிருந்தாலும் வெள்ளை மாளிகையில் யாரும் முகம் சுருக்கியிருக்க மாட்டார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்தார்கள். பிறகு வவுனியாவிலும் உட்கார்ந்தார்கள். அங்கே அவர்கள் கையில் பிள்ளைகளின் படங்களோடு அமெரிக்கக் கொடியும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியும் இருந்ததைப் பலர் கேலி செய்தார்கள். ஈராக்கைச் செய்தவன் கொடியையா பிடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தத் தாய்மாருக்கு ஈராக் தெரியாமல் இல்லை. கொழும்பு கேட்காத இடத்தில், டில்லி கொழும்பின் பக்கம் வாக்களித்த இடத்தில், மிச்சமிருந்த ஒரே கதவைத் தட்டினார்கள். 2025 பெப்ரவரியில் அமெரிக்கா மனித உரிமை மன்றத்தைவிட்டு மறுபடி வெளியேறியது.

சீனாவும் ரஷ்யாவும் முன்வைக்கும் மாற்றில் இந்தத் தாய்மாருக்கு இடமே கிடையாது. அங்கே இறையாண்மை அரசுக்கு மட்டும், குடிமகனுக்கு இல்லை. இந்தியாவுக்கும் இது வசதியான ஏற்பாடு என்பதை நாம் வெளியே சொல்வதில்லை. பல துருவ உலகம் என்று டில்லி பேசும்போது அதில் ஒரு துருவமாகத் தன்னை வைத்துக்கொண்டே பேசுகிறது.

இந்தியாவும் ஜெனீவாவில் அந்த ஆளில்லாத ஆயத்தைப் பயன்படுத்தத் தவறவில்லை. கரும்புக்கு இந்தியா தரும் ஆதரவு அனுமதித்த 10 சதவீத அளவைத் தாண்டிவிட்டது என்று பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூன்றும் தொடுத்த வழக்கில் 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. விழுப்புரத்துக் கரும்பு விவசாயியை நினைத்தால் அந்த விதியே அநியாயம் என்பது வேறு விஷயம். சில வாரங்களுக்குள் இந்தியா மேல்முறையீடு செய்தது. கேட்க ஆள் இல்லை என்று தெரிந்தே செய்தது. அந்த மேல்முறையீட்டை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.